பொதுச் சுவர்

ஒரு பக்கக் கன்னத்தை வழித்து முடித்து, ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அண்ணனின் மறு கன்னத்தில் சோப்பு நுரை காய ஆரம்பித்திருந்தது. விரலை நனைத்து அதை மறுபடி குழைத்துவிட்டாள்.

"நான் எடுத்துப் பேசட்டுமா?" என்று கேட்டார் கீழ் வீட்டு டீச்சரம்மா. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம் டீச்சர். இதை முடிச்சிட்டு நானே பேசிக்கிறேன்."

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டு இத்தனை வருஷமான பிறகும் முகம் வழிக்காமல் வாசற்படி தாண்டமாட்டார். "முள்ளு மூஞ்சியோட கையை நீட்டினா சில்லறையை எறியத்தான் செய்வான்" என்பார். இன்று காலையில் மட்டும் என்னவோ, குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தை மறந்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் செருப்பு மாட்ட உட்கார்ந்தார். ஒரு செருப்புத்தான் மாட்டினார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டார். மறதியைத்தான் அவள் முதலில் கவனித்தாள், மரணத்தை இல்லை. "ஷேவ் பண்ணாமலே கிளம்பிட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டேதான் காப்பி டம்ளரோடு உள்ளே வந்தாள்.

இப்போது தாடையை ஒரு விரலால் உயர்த்தி, கழுத்து மடிப்பில் ரேசரை நிதானமாக இழுத்தாள். உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் அண்ணனின் முகத்தைத் தொட்டதாக நினைவில்லை. ஈரத் துணியால் துடைத்து முடித்தபின் போனை எடுத்தாள்.

"டோக்கன் அக்கா, ஷட்டர் சாவி உங்ககிட்டயா இருக்கு?" சூப்பர்வைசரின் குரலுக்குப் பின்னால் கூச்சல் கேட்டது. "பையை எங்க வைக்கிறதுன்னு ஆளாளுக்குக் கத்துறாங்க. நேத்து ஒருத்தர் மருந்துப் பையை விட்டுட்டுப் போயிருக்காராம், அவர் வேற நிக்கிறார்."

அவள் கைப்பையைத் துழாவினாள். இருந்தது. "கொண்டு வரேன்" என்றாள்.

டீச்சரம்மா எழுந்துவிட்டார். "இந்த நேரத்துலயா? நல்லா இருக்கே. வேற யாரையாவது வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லேன்."

"எதிர்ல தானே டீச்சர். மருந்துப் பைன்னு சொல்றாங்க. வண்டி சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் நான் இங்க உட்கார்ந்து என்ன செய்யப் போறேன்?"

அது பாதி உண்மைதான். அவள் வேலை பார்க்கும் ஷாப்பிங் சென்டரில் இன்னொருவரிடமும் அவள் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்லக்கூடிய செய்தி இல்லை அது. அவருடைய போன் நம்பரும் அவளிடம் இல்லை.

சென்டர் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு தெரு இருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், நடுவில் சாக்கடை, கோடியில் ஓர் இஸ்திரிக் கடை. அந்தத் தெருவின் நட்ட நடுவில் கண்டக்டர் வீடும் லைட்டுக்காரர் வீடும் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் ஆடும். லைட்டுக்காரருக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. தெருவில் யார் வீட்டில் பியூஸ் போனாலும் அவர்தான். அண்ணனும் அவரும் ஒரே சைக்கிளில் சினிமாவுக்குப் போனவர்கள். அவளை வைத்துக்கூட இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது. வாய் திறந்து யாரும் நிச்சயமாகச் சொன்னதில்லை. ஆனால் லைட்டுக்காரரின் அம்மா புதுப் பாத்திரம் எது வாங்கினாலும், "பிடிச்சிருக்கா பாரு" என்று அவளிடம் காட்டிவிட்டுத்தான் அடுக்கில் வைப்பார்.

பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தெருமுனையில் கொட்டகை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் சென்டரின் மாதிரி ஒன்றை வைத்தார்கள். கட்டை விரல் உயரத்தில் மனிதர்கள், பஞ்சில் செய்த மரங்கள், சுவிட்சைப் போட்டால் எல்லா மாடியிலும் விளக்கு. தெருவே அதைப் பார்த்துவிட்டு முறைத்துக்கொண்டு போனது. அண்ணன் மட்டும் மயங்கிப்போனார். டூட்டி முடிந்து நேராக அங்கேதான் போவார். பொழுது முழுக்கச் சனங்களை மூட்டை மூட்டையாகப் பட்டணத்துக் கடைகளுக்கு ஏற்றிப் போய் இறக்கியவர். "இனி பட்டணம் நம்ம வாசலுக்கு வரும்டா" என்று லைட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "நகருற படி வருமாம். ஏறி நின்னா போதுமாம்."

யாரும் மிரட்டவில்லை. கடன் கழுத்தை நெரிக்கவில்லை. ஆசைப்பட்டுத்தான் அண்ணன் முதல் ஆளாக வீட்டைக் கொடுத்தார். பிற்பாடு ஊர் அவரை மன்னிக்காததற்கு அதுவே காரணம். கஷ்டத்தில் விற்றிருந்தால் பாவம் என்று விட்டிருப்பார்கள்.

கண்டக்டர் வீட்டை இடித்தபோது பொதுச் சுவரை விட்டுவிட்டுத்தான் இடித்தார்கள். சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனால் அதுவரை வீட்டுக்குள் இருந்த சுவர் அன்றைக்கு வெளிச்சுவர் ஆகிவிட்டது. அவர்கள் சமையலறையின் பச்சைப் பெயிண்ட்டும் அடுப்புக் கரியும் அலமாரி இருந்த தடமும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன. அந்த வருஷத்து மழை முழுவதையும் அந்தச் சுவர் குடித்தது. லைட்டுக்காரர் தன் அம்மாவின் கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டார். பிறகு வாசல் பக்கம் இழுத்துப் போட்டார். அதற்கு மேல் இழுக்க வீட்டில் இடமில்லை. கம்பெனி சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். நடு வீடுகள் இரண்டும் போனபின் மற்றவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? தெரு வீடு வீடாக உதிர்ந்தது.

இருமலோடு போன அந்த அம்மா, சென்டர் திறப்பதைப் பார்க்கவில்லை. துக்கத்துக்கு அண்ணனும் அவளும் போனார்கள். லைட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. "உள்ள வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணனோடு ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பேச்சு, அவளை வைத்து இருந்த பேச்சு, சுவர் விழுந்தபோது எந்தப் பக்கம் விழுந்தது என்று யாரும் குனிந்து தேடவில்லை. அவர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவள் செய்துகொள்ளவில்லை. அண்ணி இளவயதிலேயே போய்விட்டதால் அண்ணனுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டியிருந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் சொல்வதை மறுப்பதைவிட ஒத்துக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் கடைசியில் அந்தச் சென்டருக்கே வந்து சேர்ந்தார்கள். வேறு எங்கே போவது? லைட்டுக்காரருக்கு அங்கே பராமரிப்புப் பிரிவில் வேலை. அவளுக்குப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் கவுண்டர். கண்டக்டருக்கு வேலை இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர்களைவிட ஒழுங்காகப் போனார். கீழ்த்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எண்ணினார். ஏசிக்காகப் போகிறார் என்று அவள் முதலில் நினைத்தாள்.

அவள் சாவியை நீட்டியபோது சூப்பர்வைசர் வாங்கிய வேகத்தில் ஷட்டரைத் தூக்கினான். மருந்துப் பைக்காரர் பையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் போனார். அதன் பிறகுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"அண்ணன் தவறிட்டார். ரெண்டு மூணு நாள் வரமாட்டேன்."

அவனுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, போன்லயே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"நீ சாவியைத்தானே கேட்டே."

கவுண்டரைத் தாண்டினால் பெஞ்சு. அதில் ஒரு தம்பதி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். பெஞ்சுக்கு நேர் மேலே ஒரு விளக்குக்காக ஏணி போட்டிருந்தது. ஏணியின் உச்சியில் லைட்டுக்காரர் நின்றிருந்தார். நீல யூனிஃபார்ம், நரைத்த பிடரி. இடது கை ஏணியை இறுகப் பிடித்திருந்தது. வலது கை மட்டும் மேலே வேலை செய்தது.

எப்படிச் சொல்வது என்று வழி நெடுக யோசித்து வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. ஏணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏணி அசைவது நின்றதும், மேலே அவருடைய இடது கை தானாக விட்டது. இரண்டு கையையும் தூக்கி, உடம்பை வெளியே சாய்த்து, விளக்கின் மூடியைத் திருக ஆரம்பித்தார். கீழே குனிந்து பார்க்கவில்லை.

அவளுக்கு விஷயம் புரிந்தது. கவுண்டரிலிருந்து எத்தனையோ முறை பார்த்ததுதான். எந்த விளக்கு மினுக்கினாலும் அண்ணன் முதல் ஆளாகப் போய்ப் புகார் சொல்வார். "ஒரு லைட்டைக்கூட விடமாட்டார் உங்கண்ணன்" என்று பராமரிப்பு ஆட்கள் அவளிடம் குறைப்படுவார்கள். லைட்டுக்காரர் ஏணியோடு வருவார். அண்ணன் எழுந்து போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொள்வார். ஒருவர் மேலே பார்ப்பார், ஒருவர் கீழே பார்ப்பார். வேலை முடிந்ததும் அவர் ஏணியை மடித்துக்கொண்டு ஒரு பக்கம் போவார், இவர் பெஞ்சுக்குத் திரும்புவார். ஒரு சொல் இருக்காது.

"நான்தான்" என்றாள் அவள்.

அவர் சட்டென்று குனிந்தார். அவளைப் பார்த்தார். ஏணியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"அண்ணன் தவறிட்டார். காலையில."

அவர் இறங்கி வரவில்லை. கழற்றிய மூடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஐஸ்கிரீம் தம்பதி எழுந்து போனார்கள்.

"ஆஸ்பத்திரியிலயா?"

"வீட்டுலதான். செருப்பு மாட்ட உட்கார்ந்தார்."

"இங்க வரத்தான் கிளம்பியிருப்பார்."

"ஆமா."

"நேத்து இந்த லைட்டைத்தான் சொல்லிட்டுப் போயிருக்கார். இன்னைக்குக் காலையில வந்து பார்த்தா ஒழுங்கா எரியுது. ஒரு கோளாறும் இல்ல. இருந்தாலும் ஏறினேன்."

அவள் நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தாள்.

"ஏணியைப் பிடிக்கிறது யாருன்னு நான் ஒரு நாளும் குனிஞ்சு பார்த்ததில்லீங்க" என்றார் அவர், மூடியிடம் சொல்வதுபோல. "பார்த்திருந்தா பேச வேண்டி வந்திருக்கும்."

"தெரியும்."

வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாவுக்கு அழைப்பு கிடையாது, தகவல்தான். அந்த வாடகை அறையின் வாசலிலிருந்து திரும்பி நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த நினைப்பு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும்போது, வாங்க என்ற சொல் கணக்குத் தீர்க்கிற மாதிரி ஆகிவிடும்.

"சாயங்காலம் எடுக்கிறோம்" என்று மட்டும் சொன்னாள்.

"சரிங்க. நீங்க ஏணியை விட்டுட்டுப் போங்க. வீட்டுல ஆள் வருவாங்க."

அவள் கையை எடுத்தாள். அவருடைய இடது கை மறுபடி ஏணியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

ஆள் ஒன்றும் பெரிதாக வரவில்லை. மாடியில் இருந்தவர்கள் வேலைக்குப் போகும் முன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தூரத்து உறவில் ஒரு சித்தப்பா மகன் இருந்தான். வர முடியாது என்பதை நெடுநேரம் போனில் விளக்கினான். பழைய தெருக்காரர்கள் யாரும் தலைகாட்டவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சென்டரின் பின்பக்கச் சுவர் தெரிந்தது. சரக்கு லாரிகள் வந்து வந்து போயின. வீடு விற்ற பணத்தில் வாங்கிய ஃபிளாட். அந்த ஜன்னலுக்காகவே அண்ணன் இதைத் தேர்ந்தெடுத்தார்.

மாலையில் வண்டி வந்தது. டிரைவர் மேலே ஏறி வந்து, படுத்திருந்தவரை ஒரு பார்வை, லிஃப்டை ஒரு பார்வை பார்த்தார்.

"லிஃப்ட் சின்னதும்மா. படுக்க வச்சா கொள்ளாது" என்றார். "நல்லாக் கட்டி, நிக்க வச்சு இறக்கிடலாம். ரெண்டு பக்கமும் நாங்க பிடிச்சுக்குவோம். எல்லா ஃபிளாட்லயும் இப்படித்தான் செய்யுறோம்."

"நிக்க வைக்கிறதா?" டீச்சரம்மாவின் குரல் உயர்ந்தது.

அவள் டீச்சரம்மாவின் கையைத் தொட்டு நிறுத்தினாள். டிரைவர் கெட்டவர் இல்லை. இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார், குனிய முடியாமல்தான் குனிந்தார்.

"ஆயுசு பூரா நின்னுக்கிட்டே வேலை பார்த்தவர்" என்றாள். "போறதாவது படுத்துக்கிட்டுப் போகட்டும். படியிலயே இறக்கிடுங்க."

"படின்னா ஆள் வேணுமேம்மா. நானும் என் ஆளும் ரெண்டு பேர். திருப்பம் வேற குறுகலா இருக்கு."

டீச்சரம்மாவின் கணவர் முன்னால் வந்தார். அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு டிரைவர் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒரு ஆள்" என்றாள் அவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"நீங்களா?"

"ஏன், நாள் முழுக்க ஊரார் மூட்டையைத் தூக்கித்தானே வைக்கிறேன்."

டிரைவர் என்ன சொல்லியிருப்பாரோ. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நீல யூனிஃபார்மில் மூன்று பேர் ஏறி வந்தார்கள். முன்னால் லைட்டுக்காரர். பின்னால் இரண்டு பேர் பராமரிப்பு ஆட்கள். அவர்களுக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிழவர். அவரை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெருக்கோடி இஸ்திரிக்காரர். "தெருவை வித்தவன்" என்று அண்ணன் காதுபடச் சொன்ன மனுஷன். சென்டரின் கீழே சலவைக் கடை வைத்திருந்தும் இத்தனை வருஷம் அவர்கள் துணியை வாங்காதவர்.

மற்றவர்கள் நேராக உள்ளே வந்தார்கள். லைட்டுக்காரர் மட்டும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். உள்ளே பார்க்காமல் நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள் அவள்.

அவர் வந்தார். கட்டிலின் தலைமாட்டில் நின்று நெடுநேரம் முகத்தைப் பார்த்தார். அருகில் வைத்து அவர் அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. என்ன தேடினாரோ.

"ஷேவ் பண்ணிவிட்டது யாரு?"

"நான்தான்."

"நல்லா வந்திருக்கு" என்றார்.

பிறகு வேலைக்காரர் ஆகிவிட்டார். தூக்குவதற்காக டிரைவர் விரித்திருந்த படுதாவின் முனைகளை இழுத்துப் பார்த்தார். டிரைவரைக் கால் பக்கம் போகச் சொன்னார், "இடுப்புக்கு அதுதான் லேசு" என்று. பராமரிப்பு ஆட்களோடு இஸ்திரிக்காரரை நடுவில் விட்டார். தலைப் பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது பாரம் முழுக்கக் கால் பக்கம்தான் போகும் என்று டிரைவர் மெல்ல முனகினார். "திருப்பத்துல தலைப் பக்கம்தாங்க பாரம். அங்க நான் பார்த்துக்கிறேன்" என்றார் லைட்டுக்காரர்.

அவர்கள் இறங்கினார்கள். டீச்சரம்மா விம்முவது மேலேயிருந்து கேட்டது. அவள் பின்னாலேயே, ஒரு கையால் வெள்ளைத் துணியின் நுனியைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு போனாள். முதல் திருப்பம் தாண்டியது. இரண்டாவதில் விளக்கு இல்லை. பல்பு போய் எத்தனை மாதமோ.

"இதை ஒருத்தரும் மாத்தலையா?" என்றார் லைட்டுக்காரர் மூச்சிரைப்போடு. பிறகு தலையைத் திருப்பாமல், "போன் இருக்கா? கொஞ்சம் வெளிச்சம் காட்டு" என்றார்.

அவள் போனை எடுத்துப் பிடித்தாள்.

திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. கால் பக்கத்தைக் கீழே இறக்கினால்தான் தலைப் பக்கம் வளையும். கால் பக்கத்தில் கை மாற்ற இடமில்லை. டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றார். பாரம் அத்தனையும் மேலே இருந்தவர் மீது சாய்ந்தது. லைட்டுக்காரர் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு முழங்கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அந்த இடுக்கில் வேறு வழியில்லாமல் அவருடைய கன்னம் வெள்ளைத் துணியின் மேல் அழுந்தியிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா" என்றார் தாழ்ந்த குரலில். "கை மாத்திக்கட்டும்."

"நான் எங்க அவசரப்படுத்தினேன்?" என்றார் நடுவில் நின்ற இஸ்திரிக்காரர். "பொறுத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

லைட்டுக்காரர் துணியிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. கீழே டிரைவரின் ஆள் வண்டியின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. போன் வெளிச்சம் நேராக லைட்டுக்காரரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் படிகளின் மேல் தாழ்த்திப் பிடித்தாள்.